ஹாப்பிஸ் நம்பர் 9, ஒற்றைத் துண்டுக் கம்பி, இழுகயிறு: மூன்று வேட்டைப் பருவங்கள் கழித்து ஒரு மதிப்பீடு

வேட்டைத் துப்பாக்கியை எத்தனை நாளுக்கு ஒருமுறை அடியோடு துப்புரவு செய்ய வேண்டும் என்று கேட்பவரிடம், எதைக் கொண்டு செய்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். இரண்டும் வெவ்வேறு கேள்விகளாகத் தோன்றினாலும், ஒன்றின் விடை மற்றொன்றைப் பொறுத்தே அமைகிறது. தவறான கம்பியால் வாரந்தோறும் தேய்க்கப்படும் குழல், துப்புரவே காணாத குழலைவிட விரைவில் கெட்டுப்போகும் என்பதை நான் என் சொந்தத் துப்பாக்கியில் கற்றுக்கொண்டேன். கடந்த மூன்று வேட்டைப் பருவங்களாக .308 வின்செஸ்டர் தோட்டா பயன்படுத்தும் ஒரு போல்ட் வகைத் துப்பாக்கிக்கு, அதாவது குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் என்னும் தாழ்ப்பாளைக் கையால் இயக்கும் வகைக்கு, நான் பயன்படுத்திவரும் பொருள்களைப் பற்றிய மதிப்பீடு இது: அழுக்கை இளக்கும் ஹாப்பிஸ் நம்பர் 9 கரைப்பான், குழலைத் தேய்க்கும் கம்பி, குழலுக்குள் இழுத்துத் துடைக்கும் கயிறு. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கேள்விக்கான என் விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில், நான் தூக்கியெறிந்ததைப் பற்றி. துப்பாக்கி வாங்கியபோதே சேர்த்து வாங்கிய ஒரு பிளாஸ்டிக் பெட்டியில், மூன்று துண்டுகளாகத் திருகிப் பொருத்தும் அலுமினியக் கம்பி, நான்கைந்து அளவுகளில் பிரஷ்கள், சிறு சிறு எண்ணெய்ப் புட்டிகள் ஆகியவை இருந்தன. தயாரித்தவரின் பெயரைச் சொல்வதால் பயனில்லை, ஏனெனில் இந்த வகைப் பெட்டிகள் எல்லாமே ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. அலுமினியம் மென்மையான உலோகம் என்பதால் குழலுக்குக் கேடில்லை என்று நான் எண்ணியிருந்தேன். அந்த மென்மைதான் சிக்கல் என்பது பிறகே புரிந்தது. மணல்துகளும் கரித்துகளும் அலுமினியத்தில் எளிதாகப் பதிந்துகொள்வதால், சில மாதங்களில் கம்பி ஒரு மெல்லிய அரம்போல ஆகிவிடுகிறது. அதோடு, மூட்டுகளில் துண்டுகள் இம்மியளவு விலகி நின்றாலும் அந்த விளிம்பு ஒவ்வொரு தடவையும் குழலின் உட்சுவரை உரசுகிறது, அழுத்தித் தள்ளும்போது கம்பி வளைந்து பக்கச்சுவரில் சாய்கிறது. நானோ சோம்பலால் போல்ட்டைக் கழற்றாமல், குழல்முனை வழியாகவே கம்பியைச் செலுத்தி வந்தேன்.

இரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு வாரமும் ஒழுங்கு தவறாமல் இப்படிச் செய்தபின், இலக்குத்தாளில் தோட்டாத் துளைகளின் கொத்து மெல்ல மெல்ல விரியத் தொடங்கியது. அழுக்குதான் காரணம் என்று கருதி இன்னும் அதிகமாகத் தேய்த்தேன். கடைசியில் ஒரு துப்பாக்கிக் கம்மியர் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்துவிட்டு, குழல்முனையின் உள்விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பதைக் காட்டினார். குண்டின் அடிப்பகுதி கடைசியாகத் தொட்டுவிட்டு வெளியேறும் இடம் அந்த விளிம்புதான். அது சீராக இல்லையென்றால் பின்னால் வரும் வாயு ஒரு பக்கமாக முந்திக்கொண்டு வெளியேறி, குண்டின் வாலை இடித்துவிடுகிறது. விளிம்பைப் புதிதாகச் சீவிக் கொடுத்த பிறகு துப்பாக்கி பழைய நிலைக்குத் திரும்பியது. குறி தவறியதற்குக் காரணம் அழுக்கன்று, என் சுத்தம்தான் என்று ஒப்புக்கொள்வதற்குச் சிறிது நாள் பிடித்தது.

அதன்பின் வாங்கியதுதான் மேற்பூச்சுப் பூசிய ஒற்றைத் துண்டு எஃகுக் கம்பி. இந்த மதிப்பீட்டில் நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கும் முதல் பொருள் இதுவே. மூட்டுகள் இல்லை, எஃகு என்பதால் எளிதில் வளைவதில்லை, வழவழப்பான மேற்பூச்சு குழலின் உலோகத்தைக் காக்கிறது. கைப்பிடிக்குள் பந்துத் தாங்கி இருப்பதால், குழலுக்குள் உள்ள சுருள் வரிகளின் போக்கிலேயே கம்பி தானாகச் சுழன்று செல்கிறது. அவ்வாறு சுழலாத கம்பியில் பிரஷ் வரிகளைப் பின்தொடராமல் குறுக்காக வழுக்கிச் செல்லும், மேடுகளைத் தொட்டுவிட்டுப் பள்ளங்களில் உள்ள படிவை அப்படியே விட்டுவிடும். 24 அங்குலக் குழலுக்கு 36 அங்குலக் கம்பி தேவைப்படும். போல்ட் ஓடும் இடத்தையும் கடந்து கை நிற்க வேண்டுமென்பதை மறந்து குட்டையான கம்பியை வாங்குவோர் பலர். இந்தக் கம்பியின் ஒரே குறை, மடக்கி எடுத்துச் செல்ல முடியாது என்பதுதான். மூலையில் சாத்தி வைத்தால் நாளடைவில் வளைந்துவிடும் என்பதால் தொங்கவிட்டே வைத்திருக்கிறேன்.

கம்பியைவிட முக்கியமானது, போல்ட் இருக்கும் இடத்தில் செருகும் வழிகாட்டிக் குழாய் என்று இப்போது தோன்றுகிறது. பார்ப்பதற்கு வெறும் பிளாஸ்டிக் குழாய்தான். ஆனால் கம்பியைக் குழலின் நடு அச்சிலேயே நிறுத்துவது அது. கரைப்பான் பின்புறமாக வழிந்து விசைப்பகுதிக்குள்ளும் துப்பாக்கியைத் தாங்கும் கட்டைக்குள்ளும் இறங்காமல் தடுப்பதும் அதுதான். தோட்டா அறையில் இறுக்கமாகப் பொருந்தும் வளையம் உடையதாகப் பார்த்து வாங்குவது நல்லது. எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கப்பட்ட ஒன்றை முதலில் வாங்கி, கரைப்பான் சொட்டுச் சொட்டாக விசைக்குள் இறங்குவதைப் பார்த்தபின் அதை ஒதுக்கிவிட்டேன்.

இனி, தலைப்பில் உள்ள திரவம். ஹாப்பிஸ் நம்பர் 9 கரைப்பான் 1903-ஆம் ஆண்டு முதல் விற்பனையில் உள்ளது. இவ்வளவு காலம் ஒரு பொருள் நிலைத்திருப்பதற்கு விளம்பரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அதன் மணமே ஒரு தனி விஷயம். வாழைப்பழத்தை நினைவூட்டும் அமைல் அசிட்டேட்டின் மணம் அது. அந்த மணத்துக்காகவே இதை மாற்ற மறுக்கும் வேட்டைக்காரர்கள் உண்டு, நானும் ஓரளவு அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். மருந்து எரிந்து விட்ட கரியையும் ஈயத்தையும் இளக்குவதில் இது நம்பகமானது. நனைத்த துணித்துண்டு ஒன்றைக் குழலுக்குள் செலுத்திவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்திருந்து, வெண்கல பிரஷ்ஷைப் பத்து முறை முழு நீளத்துக்கும் ஓட்டிவிட்டுத் துடைத்தால், கரி பெரும்பாலும் வெளியேறிவிடும். பிரஷ்ஷை நடுக்குழலில் நிறுத்தித் திரும்ப இழுக்கக் கூடாது, மறுமுனையில் முழுவதும் வெளியே வந்த பிறகே பின்னிழுக்க வேண்டும். புட்டிக்குள் பிரஷ்ஷை நேரடியாக முக்குவதும் கூடாது, ஏனெனில் முதல் முக்கிலேயே புட்டி முழுவதும் அழுக்காகிவிடுகிறது.

தாமிரம் வேறு வகை. குண்டின் மேலுறை பெரும்பாலும் தாமிரமும் சிறிதளவு துத்தநாகமும் கலந்த உலோகம். அது வரிகளின் ஊடே உரசிச் செல்லும்போது சிறு சிறு திட்டுகளாகக் குழலில் அப்பிக்கொள்கிறது. நம்பர் 9 முதன்மையாகக் கரிக்கான திரவம் என்பதால், தாமிரத்துக்கு அமோனியா கலந்த தனிக் கரைப்பானை நான் வைத்திருக்கிறேன். தாமிரமும் அமோனியாவும் சேரும்போது தோன்றும் நீல நிறம், துணித்துண்டில் வெளிப்படும். நீலம் வந்தால் தாமிரம் இன்னும் இருக்கிறது, வெள்ளையாக வந்தால் தீர்ந்துவிட்டது என்பது கணக்கு. இந்தக் கணக்கை நம்பி ஒரு முழுப் பிற்பகலை நான் வீணாக்கியிருக்கிறேன். எத்தனை முறை துடைத்தாலும் நீலம் நிற்கவே இல்லை. துணியைத் தாங்கும் முனை பித்தளையால் ஆனது, பித்தளையில் இருக்கும் தாமிரத்தையே கரைப்பான் கரைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறது என்பது மாலையில்தான் உறைத்தது. நிக்கல் முலாம் பூசிய முனைக்கு மாறியதும் நாலாவது துணியிலேயே நீலம் நின்றுவிட்டது. வெண்கல பிரஷ்ஷும் இதே பொய்யைச் சொல்லும் என்பதால், தாமிரக் கரைப்பானுக்கு நைலான் பிரஷ் வைத்துக்கொள்வது நல்லது. அமோனியா கலந்த திரவத்தைப் புட்டியில் சொல்லப்பட்ட நேரத்துக்கு மேல் குழலில் விட்டுவைக்காமல், வேலை முடிந்ததும் முழுவதும் துடைத்தெடுத்து எண்ணெய் இட வேண்டும். காற்றோட்டமில்லாத அறையில் இதைத் திறந்தால் கண் எரிச்சலே வெளியே அனுப்பிவிடும்.

மூன்றாவது பொருள் இழுகயிறு. ஒரு முனையில் கனமான பித்தளைத் துண்டும், நடுவில் பின்னலுக்குள்ளேயே பொதிந்த வெண்கல மயிர்களும், பின்பகுதியில் தடித்த பருத்திப் பின்னலும் கொண்ட இதைத் தோட்டா அறையின் வழியாக இறக்கி, குழல்முனையின் பக்கமாக ஓர் இழுப்பில் இழுத்துவிடலாம். சட்டைப்பையில் அடங்கும், முகாமில் மேசை தேவையில்லை, ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். போல்ட்டைப் பின்புறமாகக் கழற்ற முடியாத நெம்புகோல் வகைத் துப்பாக்கிகளுக்கும் பல அரைத்தானியங்கித் துப்பாக்கிகளுக்கும் குழல்முனை வழியாகக் கம்பி விடுவதைவிட இது மேலான வழி. இழுக்கும்போது கயிறு விளிம்பில் சாயாமல் நேராக வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இது ஆழ்ந்த துப்புரவுக்கு ஈடாகாது. முதல் இழுப்பில் எடுத்த அழுக்கையே இரண்டாம் இழுப்பில் திரும்பக் குழலுக்குள் கொண்டுபோகிறது. சோப்பு நீரில் அடிக்கடி அலசி உலர்த்தவில்லையென்றால், பழைய துடைப்பத்தால் புது வீட்டைப் பெருக்குவது போலத்தான் முடியும். கயிறு நைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது அவசியம், ஏனெனில் குழலுக்குள் அறுந்து சிக்கிய கயிற்றை எடுப்பது கம்மியரிடம் போகவேண்டிய வேலையாகிவிடும்.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றால், நான் நாள்காட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒரு பருவத்தில் ஒரு வேட்டைக்காரர் சுடும் தோட்டாக்கள், குறி சரிபார்ப்பதற்கானவற்றையும் சேர்த்தே, பெரும்பாலும் சில பெட்டிகளைத் தாண்டுவதில்லை. இந்த அளவுக்குப் பருவம் முடிந்தபின் ஒரே ஒரு முழுத் துப்புரவு, அதாவது கரியும் தாமிரமும் இரண்டும் நீங்கும் துப்புரவு, என் துப்பாக்கிக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. இடையில் இலக்குத்தாளில் கொத்து காரணமின்றி விரிந்தால், தொலைநோக்கியின் திருகுகளும் கட்டையின் திருகுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டு, அதன்பிறகே தாமிரத்தைச் சந்தேகிக்கிறேன். சில குழல்களுக்கு இருபது தோட்டாவிலேயே தாமிரம் ஏறிவிடும், சிலவற்றுக்கு நூறு தாண்டினாலும் பிரச்சினையில்லை. உட்சுவரில் கருவித் தடங்கள் மிகுந்த குழல் வேகமாகப் படிவைச் சேர்க்கும், கையால் மெருகேற்றிய குழல் மெதுவாகச் சேர்க்கும். ஆகையால் இன்னொருவரின் எண்ணிக்கையை நம் துப்பாக்கிக்கு அப்படியே பொருத்துவது வீண். எத்தனையாவது தோட்டாவில் கொத்து விரியத் தொடங்கியது என்று ஒரு சிறு நோட்டில் குறித்துவைத்தால், இரண்டு பருவங்களில் அந்தக் குழலின் குணம் பிடிபட்டுவிடும்.

ஈரத்துக்கு இந்தப் பொறுமை எதுவும் பொருந்தாது. மழையில் நனைந்த துப்பாக்கியை, ஒரு தோட்டாகூடச் சுடாமல் இருந்தாலும், அன்றிரவே கவனித்துவிட வேண்டும். கட்டைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடுக்கில் தங்கிய நீர் வெளியே தெரியாமலேயே துருவை உண்டாக்குகிறது. துருப்பிடிக்காத எஃகுக் குழலும் பெயருக்கேற்றபடி நடந்துகொள்வதில்லை, தாமதமாகத் துருப்பிடிக்கிறது, அவ்வளவே. கடுங்குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்த துப்பாக்கியின் மேல் பனித்துளி போல ஈரம் படியும். உறைக்குள்ளேயே வைத்து மெதுவாக அறையின் வெப்பத்துக்கு வரவிட்டபின் எடுத்துத் துடைப்பது என் வழக்கம். உலர்ந்ததும் அந்த உறையிலேயே திரும்ப வைக்கக் கூடாது, குறிப்பாகத் தோல் உறையிலும் பஞ்சு உறையிலும் வைக்கவே கூடாது.

எந்தத் தோட்டாவைச் சுட்டோம் என்பதும் இங்கே கணக்கில் வருகிறது. பழைய இராணுவ இருப்பிலிருந்து வந்த தோட்டாக்கள் சிலவற்றின் பிரைமரில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பகுதியில், பொட்டாசியம் குளோரேட்டு இருக்கும். அது எரிந்தபின் எஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பு, அது காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக் குழலை அரிக்கத் தொடங்கும். இந்த உப்பை எண்ணெய் கரைக்காது, நீர்தான் கரைக்கும். ஆகவே அன்றே சூடான நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய் இட வேண்டும். கருமருந்துத் துப்பாக்கிக்கும் இதே ஒழுங்குதான். மாறாக, ஈயக் குண்டுகளைச் சுடும் .22 ரிம்ஃபயர் துப்பாக்கியின் குழலை நான் மிக அரிதாகவே தொடுகிறேன். அதன் குண்டுகளின் மேலிருக்கும் மெழுகுப்பூச்சு குழலில் ஒரு மெல்லிய படலமாக அமைந்த பிறகுதான் அது சீராகச் சுடுகிறது. ஆனால் தோட்டா அறையின் முன்விளிம்பில் வளையமாகச் சேரும் கெட்டிக்கரியை மட்டும் அவ்வப்போது எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தோட்டா உள்ளே போகவே மறுக்கும்.

முழுத் துப்புரவு என்றால் குழலோடு முடிவதன்று, என்றாலும் மற்றவற்றுக்கு அதிக நேரம் ஆவதில்லை. போல்ட்டைக் கழற்றி, உள்ளேயிருந்து தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் ஃபயரிங் பின்னையும் அதன் சுருள்வில்லையும் துடைத்து, பழைய பசையெண்ணெயை நீக்கிவிட்டு, மிக மெல்லிய எண்ணெயை மட்டும் தடவுகிறேன். கெட்டிப்பட்ட எண்ணெய் குளிரில் இறுகி, பின்னின் வேகத்தைக் குறைத்து, தோட்டா வெடிக்காமல் போகச் செய்யும். போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் புடைப்புகளுக்கு ஒரு பொட்டு பசையெண்ணெய் போதும். விசைப்பகுதிக்குள் எண்ணெய் விடவே மாட்டேன், அது தூசியைப் பிடித்துப் பசையாக்கிவிடும். கட்டையிலிருந்து குழலை முழுவதும் பிரிப்பது நனைந்துபோன துப்பாக்கிக்கு மட்டும்தான். பிரித்து மாட்டினால் குறி இடம் மாறக்கூடும், மறுபடியும் சரிபார்த்தே ஆகவேண்டும்.

இவ்வளவும் தொடங்குவதற்கு முன், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை சோதித்து, தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துவிடுகிறேன். கையுறை அணிகிறேன், ஏனெனில் படிவில் ஈயம் உண்டு. துப்பாக்கியைத் தாங்கியில் குழல்முனை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி வைக்கிறேன், அப்படிச் செய்தால் திரவம் முன்பக்கமாக வடியும்.

துப்புரவு முடிந்த குழலோடு நேராக வேட்டைக்குப் போகாதீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பாதுகாப்புக்காக இட்ட எண்ணெய் குழலிலும் தோட்டா அறையிலும் இருக்கும்போது சுட்டால் போல்ட்டின் மீது விழும் உந்துதல் கூடும், முதல் குண்டும் வழக்கமான இடத்தில் விழாது. உலர்ந்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்தபிறகும், முற்றிலும் சுத்தமான குழல் தன் பழைய ஒழுங்குக்குத் திரும்ப இரண்டிலிருந்து ஐந்து தோட்டாக்கள் வரை கேட்கிறது. ஆகையால் பருவம் முடிந்தபின் செய்த முழுத் துப்புரவுக்கும் அடுத்த பருவத்தின் முதல் நாளுக்கும் இடையில், இலக்குத்தாளுக்கு முன்னால் ஒரு காலை நேரத்தைக் கட்டாயம் ஒதுக்குகிறேன். அன்று சுட்ட தோட்டாக்கள் குழலில் விட்ட கரிப்படலத்தை நீக்காமலே வேட்டைக்குச் செல்கிறேன். அதைக் கண்டு முகம் சுளிக்கும் நண்பர்கள், அவர்களுடைய பளபளக்கும் குழலிலிருந்து கிளம்பும் முதல் குண்டு எங்கே போய் விழுகிறது என்பதையும் சொன்னால் நன்றாயிருக்கும்.

இழுகயிறு முகாமுக்கு, ஒற்றைக் கம்பியும் வழிகாட்டிக் குழாயும் வீட்டுக்கு, நம்பர் 9 இரண்டுக்கும் என்பதே இப்போதைய ஏற்பாடு. முன்பு வாரந்தோறும் தேய்த்த காலத்தில் சில வாரங்களிலேயே தீர்ந்துபோன புட்டி, இப்போது மூன்றாவது பருவத்தைக் கடந்தும் பாதிக்குமேல் நிற்கிறது. வெண்கல பிரஷ்ஷின் மயிர்கள் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தளர்ந்துவிட்டன, குழலுக்குள் போகும்போது பழைய இறுக்கம் கையில் தெரிவதில்லை. அடுத்த முழுத் துப்புரவுக்கு முன் வாங்கவேண்டியது அது ஒன்றுதான்.